குளக்கட்டிலிருந்து கல்லுக்கு எத்தனை யார்?

தோட்டா போடுகிற பழைய துவக்குக்குக் குறி போடக் கொழும்புக்குப் போக நினைப்பவர்கள் இதை வாசித்துவிட்டுப் போனால் என்னைப் போல் அலையத் தேவையில்லை. நான் போனது இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின ஆனி மாதம். போய்வர ஐந்து நாள். அந்த ஐந்து நாள் களைப்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது.

போனதற்குக் காரணம் ஒரு முதலை. வவுனியா ஸ்டேஷனிலிருந்து பதினொரு மைல் உள்ளே எங்கள் குளம். அந்த வருஷம் குளம் வற்றி, அக்கரையில் உடுப்புத் தோய்க்கிற கல்லடியில் மட்டும் ஆழத் தண்ணீர் நின்றது. முதலையும் அங்கேதான் நின்றது. சித்திரையில் என் மனைவி பொன்னம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. சேலை கிழிந்ததால் ஆள் தப்பினாள். அதற்குப் பிறகு அவள் குளத்துப் பக்கம் போகவில்லை. ஒன்றரை மைல் நடந்து அடுத்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுத்தாள், காலையும் மாலையும். என்னோடு கதைப்பதையும் குறைத்துக்கொண்டாள்.

அதில் பிழையில்லை. துவக்கு வைத்திருப்பவன் நான்தானே. கல்லுக்குப் பின்னால் முட்பற்றை. அந்தப் பக்கத்தால் போய்ச் சுள்ளி முறிந்தாலே முதலை தண்ணீருக்குள் வழுகிவிடும். எதிரே குளக்கட்டிலிருந்துதான் சுடலாம். இரண்டு முறை சுட்டேன். இரண்டு குண்டும் கல்லுக்கு இந்தப் பக்கம் தண்ணீரில் விழுந்தன. துவக்கு மாமனார் விட்டுப்போன பழைய பட்டாளத் துவக்கு, கறுப்பு மருந்துத் தோட்டா போடுவது. வெடி வைத்தால் புகை கலையும்வரை கல்லும் தெரியாது, கட்டும் தெரியாது. குறிபார்க்கக் கண்ணுக்குக் கிட்ட இருக்கிற பின்குறி எப்போதோ உடைந்து விழுந்துவிட்டது. மிச்சம் மூன்று தோட்டா.

வியாழக்கிழமை விடிய ஐந்து மணிக்கு மாட்டுவண்டியில் புறப்பட்டேன். ஒன்பதரைக்கு ரயில், மூன்றாம் வகுப்பு மூன்று ரூபா இருபது சதம். துவக்கைப் பாயில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். எதிரே இருந்த ஒரு பெரியவர் பாயைப் பார்த்துவிட்டு, "நாயனக்காரரோ?" என்று கேட்டார். விளக்கம் சொல்ல அலுப்பாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டேன். அது பெரிய பிழை. பொல்காவலை வரைக்கும் அவர் தன் ஊர்த் திருவிழாவில் கேட்ட நாயனக்காரர் ஒவ்வொருவரையும் என்னிடம் எடைபோடக் கொடுத்தார். கடைசியில், "தம்பி, ஒருக்கா ஊதிக் காட்டுமன்" என்றார்.

"பெரியவர், இது ஊதினா ஆள் செத்துப்போகும்," என்றேன்.

"அவ்வளவு மோசமாவோ ஊதுவீர்?" என்றார்.

கோட்டை ஸ்டேஷனில் இறங்கும்போது மாலை ஆறு. பொலிஸ்காரர் ஒருவர் பாயைத் தட்டி, "மே மொகக்த?" என்று, இது என்ன என்பதைச் சிங்களத்தில் கேட்டார். லைசன்சையும் எங்கள் ஊர்த்தலைவர் விதானையார் எழுதித் தந்த கடிதத்தையும் நீட்டி, முதலைக்கு ஐயா என்பதை எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: "கிம்புலாட்ட மாத்தயா." அவர் சிரித்துப் பக்கத்திலிருந்தவரையும் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினார். அரை மணித்தியாலம் நின்றேன். கடிதம் இல்லாவிட்டால் அங்கேயே நின்றிருப்பேன். அதனால் கடிதத்தை மறக்கவேண்டாம்.

கொட்டாஞ்சேனைக்கு இரண்டு மைல் நடை. சாப்பாட்டுக்கடை மாடியில் படுத்துவிட்டு, காலை எட்டு மணிக்குத் துவக்குத் திருத்துகிற அந்தோனிப்பிள்ளையின் பட்டறைக்குப் போனேன். துறைமுக வேலையில் ஒரு காது கேட்காமல் போன மனிதர். மற்றக் காதுக்கும் சேர்த்துத்தான் கதைப்பார்.

அவர் மேசையில் மூன்று பின்குறிகளை வைத்தார். ஒன்று வெறும் வெட்டுள்ள இரும்புத் துண்டு. இன்னொன்று மடித்து நிமிர்த்துகிற இலைகள் உள்ளது, இலைக்கு ஒரு தூரம். மூன்றாவது ஏணி மாதிரி. நடுவில் ஒரு குறுக்குத் துண்டை மேலும் கீழும் ஏற்றி இறக்கலாம். பார்க்க வடிவாக இருந்தது ஏணிதான். அதைக் கையில் எடுத்தேன்.

"வையும் அதை," என்றார். "ஏணி ஆடும். உமக்கு ஒரு கல், ஒரு முதலை. ஏணி ஏறி எங்கை போறீர்? வெட்டுத் துண்டு போதும், ஒரே தூரத்துக்கு அளவா வெட்டித் தாறன். இந்தக் கறுப்பு மருந்துக் குண்டு பாரம், மெதுவாத்தான் போகும். எறிஞ்ச கல்லு மாதிரி வளைஞ்சு விழும். அதுதான் பின்குறியை உயர்த்தோணும். எத்தனை யார் தூரம்?"

மூன்றடிக்கு ஒரு யார் என்ற கணக்கு எனக்குத் துணிக்கடையில் மட்டுந்தான். எங்கள் பக்கத்தில் தூரம் சொல்வது போலச் சொன்னேன்: "ஒரு கூப்பிடு தூரம்."

அவர் அரத்தைக் கீழே வைத்தார். "ஆர் கூப்பிட்டது? நீரோ, உம்மடை மனிசியோ?"

"ஆர் கூப்பிட்டா என்ன அண்ணை?"

"என்ரை மனிசி கூப்பிட்டா வத்தளைக்குக் கேக்கும். நான் கூப்பிட்டா அவவுக்கே கேக்காது. எந்தக் கூப்பிடு தூரத்துக்கு நான் இரும்பை வெட்டுறது?" பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அம்பது யார் பிழைச்சால் குண்டு ரெண்டு முழம் மேலை போகும், இல்லாட்டிக் கீழை போகும். மூண்டு தோட்டா எண்டுறீர். அளந்துகொண்டு வாரும்."

அளக்கிறதென்றால் திரும்ப ஊருக்குப் போகவேண்டும். நான் வாசற்படியில் இருந்துவிட்டேன். எழும்ப மனம் வரவில்லை. அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு அவரே ஒரு துண்டில் விலாசம் எழுதித் தந்தார். "வெள்ளவத்தையிலை கந்தவனம் எண்டு ஒருத்தர். நில அளவைக் கந்தோரிலை வேலை செய்து பென்சன் எடுத்தவர். போய்க் கேளும்."

பஸ்ஸுக்குப் பத்துச் சதம், ஆறு மைல். மத்தியான வெயிலில் கடற்கரை ரயில் பாதையோரம் வீட்டைத் தேடித் திரிந்து, ஒன்றரைக்குக் கண்டுபிடித்தேன். கந்தவனம் ஐயா சோறு சாப்பிட்டு முடித்துச் சாய்ந்திருந்தார். கதையைச் சொன்னேன். தண்ணீருக்கு மேலால் கூப்பிட்டால் சத்தம் கூடத் தூரம் போகும், அந்தக் கணக்கு உதவாது என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"அந்தக் கல்லிலை உடுப்புத் தோய்க்கிறதை நீர் கட்டிலை நிண்டு பாத்திருக்கிறீரோ?"

"பதினெட்டு வருசமாப் பாக்கிறன், ஐயா."

"அடிக்கிற சத்தம் எப்ப வரும்?"

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஆனால் தெரிந்திருந்தது. "உடுப்புக் கல்லிலை விழேக்கை சத்தமில்லை. அவ கையைத் திரும்ப உயர்த்தி, கை தலைக்கு மேலை நிக்கேக்கைதான் டப் எண்டு வரும்."

ஐயா எழும்பிவிட்டார். கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோய் நனைந்த வேட்டி ஒன்றைத் தந்து, மணிக்கூட்டை எடுத்தார். "அவ அடிக்கிற மாதிரி அடியும்."

அடித்தேன். பத்து அடி முடிந்ததும் தலையாட்டினார். "இது நீர் அடிக்கிறீர். அவ இப்பிடியோ அடிக்கிறவ?"

கண்ணை மூடினேன். குளக்கட்டில் நிற்பதாக நினைத்தேன். அவள் அவசரப்படமாட்டாள். கை உயரும்போது ஒரு மூச்சு எடுப்பாள். அந்த மூச்சை நானும் எடுத்து, திரும்ப அடித்தேன். நாலு முறை அடிக்க வைத்தார். கை சோர்ந்துவிட்டது. நாலு முறையும் பத்து அடிக்குப் பதினாலு செக்கன்.

"இந்த வேட்டி போதும், தம்பி," என்று ஐயாவின் மனைவி அடுப்படியிலிருந்து சத்தம் போட்டார். "சீலையள் நாலு கிடக்கு, அதையும் கணக்குப் பாத்துவிடுங்கோ."

ஐயா விரலால் காற்றில் எழுதினார். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு செக்கனும் பத்தில் நாலும். கை மேலே நிற்கும்போது சத்தம் வந்தால் அதில் பாதி. அந்த நேரத்தில் சத்தம் போகும் தூரம் இருநூற்றறுபது யார். "பத்து யார் முன்னப்பின்ன இருக்கும். போம்."

சனிக்கிழமை அந்தோனிப்பிள்ளை இருநூற்றறுபதுக்கு அளவாகப் பின்குறியை வெட்டி, குழலில் இறுக்கினார். நுனியில் நின்ற முன்குறி நெல்லுமணித் தடிப்பு. "அந்தத் தூரத்திலை முதலை முழுசா இதுக்குப் பின்னாலை ஒளிஞ்சிடும்," என்று அரத்தால் ஊசியளவுக்குத் தேய்த்தார். வெயிலில் மினுங்காமல் இருக்க விளக்குப் புகையில் கறுப்பாக்கச் சொன்னார். எல்லாமாக ஏழு ரூபா. வெளிக்கிடும்போது சொன்னார்: "முதல் வெடி முதலைக்கில்லை. கல்லுக்கு வையும்."

திங்கட்கிழமை விடிய வீடு வந்து சேர்ந்த கையோடு கல்லுக்கு வைத்தேன். பொன்னம்மா பக்கவாட்டில் தள்ளி நின்று, புகை மறைக்காத இடத்திலிருந்து பார்த்தாள். "கல்லிலை பட்டது. ஒரு சாண் கீழை," என்றாள். அந்த மாதத்தில் அவள் என்னோடு கதைத்த நீளமான கதை அது. முதலை வர ஒன்பது நாள் சென்றது. ஒரு சாண் மேலே பிடித்து வைத்தேன். புகை கலைந்தபோது அது கல்லிலேயே கிடந்தது.

போகிறவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். ஏணிக்குறியைப் பார்த்து மயங்கவேண்டாம். முன்குறியை மெல்லிசாக்குங்கள். ஒரு தோட்டாவையாவது சோதனைக்கு விடுங்கள். ரயிலில் யாராவது நாயனமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். முக்கியமாகத் தூரத்தைக் கயிறு பிடித்து யாரில் அளந்துகொண்டு போங்கள். சத்தத்தால் அளக்கிற வழி இனி எனக்கும் உதவாது.

பொன்னம்மா திரும்பவும் அந்தக் கல்லுக்குப் போகிறாள். நான் கட்டில் நின்று பார்க்கிறேன். அவள் இப்போது அவசரப்பட்டுக் கெதியாக அடிக்கிறாள். கை உயரும்போது மூச்சு எடுப்பதில்லை, தண்ணீரைத் திரும்பிப் பார்க்கிறாள். சத்தம் வந்து சேரும்போது அடுத்த அடி பாதியில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கல்லும் கட்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.