நான்கால் வகுபடாத மீன்சட்டி

எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறச் சொன்னார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண் செருப்பு, வளையல், கைப்பை என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு ஏறினாள். அவள் சர்க்கரை நோய்க்கு வந்தவள். நான் செருப்பை மட்டும் கழற்றினேன். வாட்ச், சாவிக்கொத்து, கைப்பேசி எல்லாம் என்னோடு சேர்ந்து ஏறின. அப்படியும் போன மாதத்தைவிட இரண்டு கிலோ குறைவு.

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் நடைவழி அது. காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற நாங்கள் மாதம் ஒருமுறை அங்கே கூடுவோம். எடை கூடியவர்கள் சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள். குறைந்தவர்கள் மருத்துவரின் அறைக்குள் கொஞ்சம் அதிக நேரம் இருப்பார்கள்.

அந்த வரிசையில் இப்போது நிற்கிற யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல அல்ல. எனக்கு ஊரே ஆறுதல் சொன்னது. அதில் ஒரு கலோரிகூட இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருமல் வந்தபோது சாக்பீஸ் தூசி என்று நினைத்தேன். சாயங்காலக் காய்ச்சலுக்கு வெயிலைக் குற்றம் சொன்னேன். சேலை இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கியபோது சக ஆசிரியைகள் பொறாமைப்பட்டார்கள். என்ன சாப்பிட்டு இளைத்தேன் என்று கேட்டார்கள். சளிப் பரிசோதனை முடிவு வந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஆறு மாதம் மாத்திரை. ஒருநாளும் விடக் கூடாது. நன்றாகச் சாப்பிட வேண்டும். மருத்துவர் சொன்னது இவ்வளவுதான். நன்றாக என்றால் எவ்வளவு என்று சொல்ல ஓர் உணவு ஆலோசகர் இருந்தார், என் மகள் வயதை நெருங்கிய பெண். தினமும் எத்தனை கலோரி (உணவு உடம்புக்குத் தரும் ஆற்றலின் அளவு), எவ்வளவு புரதம் (தசையைக் கட்டும் சத்து) வேண்டும் என்று கணக்குச் சொல்லி, என் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தார். சாப்பிடுவதை எல்லாம் அதில் பதிய வேண்டும்.

எங்கள் வீடு இனயத்தில், கடலோரத்தில். கணவர் துறைமுகத்தில் மீன் ஏலம் பிடிப்பவர். வீட்டில் அவர், மாமியார், கல்லூரிக்குப் போகும் மகள், நான் என்று நான்கு பேர். சாளை மீனோ அயலை மீனோ இல்லாத நாள் எங்கள் அடுப்புக்குத் தெரியாது. உனக்குப் புரதத்துக்கு என்ன குறை என்று உறவினர்கள் கேலி செய்தார்கள்.

முதல் சில வாரங்கள் எனக்குத் தனி அறை, தனித் தட்டு. நோய் தொற்றிவிடும் என்று பயம். மாமியார் சமைத்து, சட்டியை இறக்கியதும் முதல் வேலையாக என் தட்டில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார். என் கரண்டி அவர்கள் சட்டியில் படக் கூடாது என்பதற்காக எல்லாருக்கும் முன்னால் எனக்கு. அந்த மாதம் எனக்கு எடை கூடியது. மாத்திரை வேலை செய்கிறது என்று எல்லாரும் மகிழ்ந்தோம்.

பிறகு, இனி என்னிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று மருத்துவர் சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் கொஞ்ச நாள் விடுப்பு இருந்தது. நான் அடுப்படிக்குத் திரும்பினேன். எடை குறையத் தொடங்கியது.

ஆனால் செயலி அப்படிச் சொல்லவில்லை. நான் ஒழுங்காகப் பதிந்தேன். சட்டியில் போட்ட மீன், அரைத்த தேங்காய், ஊற்றிய எண்ணெய் எல்லாவற்றையும் கூட்டி நான்கால் வகுத்து, என் பங்கை எழுதுவேன். மறுநாள் காலை மிச்சம் இருந்த கறியோடு பழங்கஞ்சி குடித்தால் அதையும் ஒரு கிண்ணம் மீன்கறி, ஒரு கிண்ணம் சோறு என்று சேர்ப்பேன். கணக்கில் எனக்குக் குறையே இல்லை.

இரண்டு கிலோ குறைந்திருந்த அன்று மருத்துவர் அந்தக் கணக்கைப் பார்த்தார். பிறகு என் எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

"டீச்சர், மாத்திரை விடாமச் சாப்பிடுறீங்கதானே?"

"ஒருநாளும் விடல்ல டாக்டர்."

"சாப்பாடும் நல்லா இருக்கு. அப்படியும் எடை குறைஞ்சா, மருந்துக்குக் கிருமி அடங்கலையோன்னு பார்க்க வேண்டியிருக்கு."

மருந்துக்கு அடங்காத காசநோய் (வழக்கமான மாத்திரைகளுக்குச் சாகாத கிருமியால் வருவது). அப்படி இருந்தால் வேறு மருந்துகள், இன்னும் நீண்ட காலம், இன்னும் கடுமையான பக்க விளைவுகள். மறுபடியும் சளி எடுத்தார்கள். முடிவு வரச் சில வாரம் ஆகும். அதுவரை தினமும் சாப்பிடும் தட்டைப் படம் எடுத்து அனுப்புமாறு ஆலோசகர் சொன்னார்.

திரும்பும் பேருந்தில் எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். நாக்கு கசக்கக் கசக்க விழுங்கிய மாத்திரைகள் வீண் என்றால் யாரிடம் போய்க் கேட்பது?

மறுநாள் மதியம் கணவர் சாப்பிட்டுப் படுத்தார். மாமியாரும் சாப்பிட்டார். நான் எப்போதும்போல் மீன்சட்டியில் சோற்றைப் போட்டு வழித்து, தட்டில் எடுத்துப் படம் பிடித்து அனுப்பினேன். ஒரு வாய்கூட வைக்கவில்லை, பதில் வந்துவிட்டது.

"அக்கா, மீன் எங்கே?"

தட்டைப் பார்த்தேன். சிவப்புச் சோறு. ஒரு கறிவேப்பிலை. ஒரு மாங்காய்த் துண்டு. அயலை வாலின் முள் ஒன்று, அதுவும் யாரோ சப்பிப் போட்டதுபோல்.

எங்கள் வீட்டில் யாரும் எனக்கு மீன் தராமல் ஒளித்து வைத்ததில்லை. காலையில் மகளின் டப்பாவில் நல்ல துண்டுகள் போகும், வைப்பது நானே. மதியம் துறைமுகத்திலிருந்து கணவர் பசியோடு வருவார், பரிமாறுவது நானே. அடுத்து மாமியார். கடைசியில் சட்டி. சட்டி வழித்த சோற்றின் ருசி வேறு எதிலும் வராது என்று சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள், நானும் நம்பி ரசித்துத்தான் சாப்பிட்டேன். ராத்திரி மிஞ்சியது மறுநாள் காலை சுண்டிப்போய் என்னிடமே வரும். அதற்கும் மீன்கறி என்றுதான் பெயர். பெயரைப் பதிந்தேன், பொருளைப் பதியவில்லை.

நான்கு பேருக்குச் சமைத்ததை நான்கால் வகுக்கும் கணக்கு பள்ளிக்கூடத்தில் சரி. எங்கள் வீட்டுச் சட்டி நான்கால் வகுபடாது. என் மருந்து தோற்றுவிட்டதாக ஒரு மருத்துவரை நினைக்க வைத்தது இந்த வகுத்தல்தான்.

மிச்சம் சாப்பிடுகிறவர்களே, இதை மட்டும் கவனியுங்கள். மீன் துண்டையும் சாற்றையும் ஒன்றாகப் பதியாதீர்கள். உங்கள் தட்டில் விழுந்த துண்டை மட்டும் எண்ணுங்கள், இல்லாவிட்டால் இல்லை என்றே எழுதுங்கள். மறுபடி சூடாக்கினால் வற்றுவது தண்ணீர்தான், தேங்காய் அப்படியே இருக்கும், ஆகையால் நேற்றைய கரண்டியும் இன்றைய கரண்டியும் ஒன்றல்ல. பழங்கஞ்சியில் தண்ணீரை வடித்துவிட்டுச் சோற்றை எடை போடுங்கள். பிள்ளைகள் தட்டில் விட்டதைச் சாப்பிட்டால் அவர்கள் விட்ட அளவைத்தான் எழுத வேண்டும், நீங்கள் போட்ட அளவை அல்ல. இவ்வளவும் செய்தால் கணக்கு சரியாக இருக்கும். வயிறு நிறையாது. அதற்கு வேறொன்று செய்ய வேண்டும்.

அடுத்த நாள் சட்டியை இறக்கியதும் நடுத்துண்டுகளாகப் பார்த்து இரண்டு எடுத்து என் தட்டில் வைத்தேன். ஆவி பறந்தது. மாமியார் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, அவன் வாறதுக்கு முன்ன சட்டியில கைய வைக்கியா?"

"ஆமா மாமி, வைக்கேன். எனக்க பங்கு எனக்கு வேணும்."

"நாங்க எல்லாம் சட்டி வழிச்சுத் தின்னுதான் பெலமா இருந்தோம்."

"நீங்க எத்தன கிலோ மாமி?"

அவர் சட்டியை மூடினார். அவர் கை என் கையைவிட மெலிந்தது. வீட்டுக்கு வந்த கணவரிடம் முறையிட்டார். அவர் பெரிய மனசோடு சிரித்தார்.

"அவளுக்கு வேணும்னா எடுத்துத் தின்னட்டும். யாரு தடுத்தா?"

"யாரும் தடுக்கல்ல," என்றேன். "யாரும் எடுத்தும் வைக்கல்ல."

அன்று அவர் சாப்பிட உட்கார்ந்தார். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஒரு வாரம் கழித்து வேறொன்றைப் பார்த்தேன். நான் முதலில் சாப்பிட்டு எழுந்துவிட, சட்டியின் முன்னால் கடைசியாக மாமியார் உட்கார்ந்திருந்தார். வெறும் சாற்றில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. நான் காலி செய்த இடத்துக்கு இன்னொரு பெண் வரவேண்டும் என்றால் நான் எதற்காகச் சண்டை போட்டேன்?

அன்றிலிருந்து யாரும் உட்காரும் முன்பே துண்டுகளை மூடியுள்ள நான்கு தட்டங்களில் பிரித்து வைக்கிறேன். மாமியார் நாலு நாள் திட்டினார். ஐந்தாம் நாள், "எனக்கத தலையில்லாமப் பாத்து எடு மக்கா," என்றார்.

சளி முடிவு வந்தது. கிருமி மருந்துக்கு அடங்கியே இருந்தது. அடுத்த மாதம் இயந்திரத்தில் ஏறும்போது வாட்சைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். இழந்த இரண்டு கிலோவுக்கு மேலே கூடியிருந்தது. மருத்துவர் தாளில் எழுதிக்கொண்டே, "இப்ப என்ன மாத்துனீங்க?" என்று கேட்டார்.

"வரிசைய மாத்தினேன் டாக்டர்," என்றேன்.

மாத்திரைகள் முடிந்து பள்ளிக்கூடம் போகிறேன். மாடி ஏறினால் இன்னும் மூச்சு வாங்கும். நுரையீரலில் ஒரு தழும்பு இருக்கிறது, இருக்கட்டும். இந்த உடம்பை இத்தனை வருடம் மற்றவர்களின் வேலை முடிந்த பிறகு கவனிக்கிற ஒன்றாக வைத்திருந்தேன். என் மதியம் எல்லாருடைய மதியமும் முடிந்த பிறகுதான் தொடங்கும். இப்போது கறி சூடாக இருக்கும்போதே என் மதியம் வந்துவிடுகிறது. சூடான மீனை ஊதி ஊதிச் சாப்பிட இந்த வயதில் பழகிக்கொண்டிருக்கிறேன்.

போன சனிக்கிழமை கணவர் ஏலம் முடிந்து பிந்தி வந்தார். எல்லாரும் சாப்பிட்டாகிவிட்டது. தன் தட்டத்து மீனை முடித்துவிட்டு, பசி அடங்காமல், மிச்சச் சோற்றைச் சட்டியில் தட்டி வழித்து ஒரு வாய் வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏட்டி, இதுலல்லா ருசி! இவ்வளவு நாளும் இத நீயா தின்னுட்டிருந்த?"

"ருசி உண்டு," என்றேன். "மீன் உண்டான்னு பாருங்க."

அவர் சட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். நான் எதிரே உட்கார்ந்து, அவர் துழாவி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.