யாழினியின் காதில் நான் சொன்னது

நான்கு வயதுக் குழந்தையிடம், அவளைப் பெற்ற தகப்பனைப் பற்றி நான் பொய் சொன்னேன். கோபத்தில் வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம்... ஆனால் அப்படி இல்லை. அவள் தலையில் எண்ணெய் தேய்த்தபடி, நிதானமாக, பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில் சொன்னேன்.

ஏழு வருடங்கள் ஆகிவிட்டன. இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் யாரிடமும் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

எங்கள் வீடு பாவூர்சத்திரத்தில். என் வீட்டுக்காரருக்கு அங்கே காய்கறி மண்டி. அவருடைய தம்பி சுடலைமுத்து பட்டாளத்தில் இருந்தான். நான் மருமகளாக வந்தபோது அவன் பன்னிரண்டாம் வகுப்பு. மூன்று வேளையும் என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். 'மதினி' என்று அவன் கூப்பிட்டால் அதில் பாதி பயம், பாதி பாசம். அவன் மனைவி மல்லிகா பள்ளிக்கூட டீச்சர். அவர்களுடைய மகள்தான் யாழினி.

எனக்கு இரண்டும் பையன்கள். மல்லிகா மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியபோது, ஆறு மாதக் குழந்தையை என் மடியில்தான் போட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து குளிப்பாட்டியது நான், ஊட்டியது நான், தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போய் அவளோடு சேர்ந்து அழுததும் நான்! அவள் முதன்முதலில் பேசிய சொல் 'பெம்மா'. அவள் அம்மா என்றுதான் சொல்ல வந்தாள் என்று மல்லிகா சாதிப்பாள். பெரியம்மா என்றுதான் சொன்னாள் என்று நான் சண்டைக்கே போவேன்.

அந்த வருடம் சாரல் தொடங்கிய சமயத்தில் சுடலை லீவில் வந்தான். ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டதாம். லீவு முடிந்து போகும்போது மல்லிகாவையும் பிள்ளையையும் வடக்கே கூட்டிக்கொண்டு போகப்போகிறானாம். மல்லிகாவும் வேலையை விட்டுவிடத் தயாராக இருந்தாள். வீடே சந்தோஷப்பட்டது. நான் கேசரி கிண்டினேன். கிண்டிக்கொண்டே அடுப்படியில் ஒரு பாட்டம் அழுதேன்.

என் பிள்ளையை என்னிடமிருந்து கொண்டுபோகிறார்கள்... அப்படித்தான் அன்று நினைத்தேன். என் பிள்ளையாம்!

போவதற்குமுன் எல்லோரும் சேர்ந்து நான்கு நாள் குற்றாலத்தில் தங்குவது என்று சென்னையிலிருக்கும் என் நாத்தனார் முடிவு செய்தாள். அரை மணி நேரத்தில் போய்ச் சேருகிற தூரத்தில் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு, ஐந்தருவி போகிற சாலையில் வாடகைக்கு மாடி எடுத்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். பதினொரு பேர். மண்டியிலிருந்து என் வீட்டுக்காரர் ஒரு மூட்டைக் காய்கறியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கல்யாணத்துக்குச் சமைக்கவா போகிறோம் என்று நான் சத்தம் போட்டேன். அவரோ அங்கே கடையில் விற்ற கத்தரிக்காயைக் கிள்ளிப் பார்த்து, முற்றல் என்று கடைக்காரரிடமே குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

நனைந்த துணி ஒன்றும் காயவில்லை. ஜன்னல் கம்பி, கதவு, நாற்காலி எல்லாவற்றிலும் ஈரத் துண்டுகள். இட்லிப் பொட்டலத்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனது. சட்னி இல்லாமல் எப்படித் தின்னும் என்று யாழினி கவலைப்பட்டாள். மேலெல்லாம் முடி முளைத்த ரம்புட்டான் பழத்தை முதன்முதலாகப் பார்த்த நாத்தனாரின் சின்ன மகன், முடி வெட்டிவிட்டுத் தாருங்கள் என்று கேட்டான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அத்தனை அருமையான நாட்கள் அவை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுடலை வடக்கேயிருந்து போனில் பேசும்போதெல்லாம் மகளிடம் ஒரே ஒரு வாக்குத்தான் கொடுப்பான். அப்பா வந்ததும் உன்னைத் தோளில் வைத்து அருவிக்குள் கொண்டுபோவேன் என்பான். அவளும் தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிவைத்திருந்தாள். போனில் பார்த்த அப்பாவை நேரில் பார்த்ததும் முதலில் கூச்சப்பட்டாள். ஆனால் குற்றாலம் வந்த அன்றே ஒட்டிக்கொண்டுவிட்டாள். மத்தியானம் சாப்பாடு முடிந்து பார்க்கிறேன், அவன் நெஞ்சின்மேல் குப்புறப் படுத்துத் தூங்குகிறாள்! அவள் எச்சில் அவன் பனியனில் வழிந்திருந்தது. அதைத் துடைக்கக்கூட அசையாமல் அவன் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

சாயங்காலம் அவளுக்குச் சோறு பிசைந்துகொண்டு போனேன். "நீ போ பெரியம்மா, அப்பா ஊட்டட்டும்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிண்ணத்தைச் சுடலையிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்கு வந்தவளுக்கு வயிறு எரிந்தது. நாற்பது வயதுப் பெண்பிள்ளை, நான்கு வயதுக் குழந்தை சொன்ன சொல்லுக்கு இப்படி வெந்துபோவாளா? போனேனே...!

மறுநாள் காலை ஐந்தருவிக்குக் கிளம்பினோம். அருவிக்குப் போகுமுன் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே எண்ணெய் வைத்துவிடுவது எங்கள் வழக்கம். யாழினியை என் இரண்டு கால்களுக்கு நடுவில் உட்காரவைத்து உச்சியில் நல்லெண்ணெய் விட்டுத் தேய்த்தேன். அவள் வாய் ஓயாமல் அப்பா தோள், அப்பா தோள் என்று பேசிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் குனிந்து, அவள் காதில் சொன்னேன்.

"உங்கப்பா பட்டாளத்துக்காரரு. அங்கன பிள்ளைகளத் தண்ணிக்குள்ள போட்டுத்தான் பழக்குவாங்க. உள்ள போனதும் கைய விட்டுருவாரு. பெரியம்மா விடமாட்டேன்."

அவள் பேச்சு நின்றது. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

ஏன் சொன்னேன்? அவள் அவனை வேண்டாம் என்று சொல்லவேண்டும், என்னிடம் ஓடிவரவேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். அதற்குமேல் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை... யோசிக்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

அருவியில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சின்னப் பெண்பிள்ளைகளை மட்டும் அப்பன்மார் தோளில் தூக்கிக்கொண்டு ஆண்கள் பக்கம் போவார்கள். அதெல்லாம் ஐந்து, ஆறு வயதுவரைதான். சுடலை மகளைத் தூக்கித் தோளில் வைத்தான். அவள் முனகினாள். கூச்சம் என்று நினைத்துச் சிரித்தபடி அவன் போய்விட்டான். என் வீட்டுக்காரர் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் ஒரு மாலிஷ்காரரிடம் உடம்பைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நாங்கள் பெண்கள் பக்கம் போனோம்.

அந்தப் பக்கம் நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தண்ணீர் மேலே பட்டதும் பிள்ளை அலறியிருக்கிறாள். அவன் கையைக் கடித்திருக்கிறாள். "இவரு வேண்டாம், பெரியம்மாட்ட போணும்" என்று கத்தியிருக்கிறாள். இடுப்பில் துண்டோடு நிற்கும் ஓர் ஆண், அவன் கையில் கதறுகிற பெண்குழந்தை... பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? நாலு பேர் அவனைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். ஒருவர் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார். இன்னொருவர் அவன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டே போலீஸ் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

அவனிடம் போன் இல்லை, அடையாள அட்டை இல்லை. எல்லாம் மல்லிகாவின் பையில். பெண் போலீஸ் ஒருவர் பிள்ளையிடம் குனிந்து, அவனைக் காட்டி, இது யார் பாப்பா என்று கேட்டாராம்.

"பட்டாளத்துக்காரரு" என்றாளாம் யாழினி.

அப்பா என்று சொல்லவில்லை! நான் கொடுத்த சொல்லைத்தான் சொன்னாள்.

அருவிச் சத்தத்துக்கு நடுவில் மைக்கில் அறிவிப்பு வந்தது. நான்கு வயதுப் பெண்குழந்தை, பெயர் யாழினி, அவளுடைய பெரியம்மா எங்கிருந்தாலும் உடனே வரவும் என்றார்கள். மல்லிகா என் பக்கத்தில்தான் நின்றாள். பெற்றவள் அவள், மைக்கில் கூப்பிட்டது என்னை. அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் என்னால் சொல்லில் கொண்டுவர முடியவில்லை. இருவரும் ஈரச் சேலையோடு ஓடினோம்.

என்னைக் கண்டதும் பிள்ளை தாவி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உடம்பெல்லாம் நடுக்கம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் கஷ்டமானது. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்ட அந்த நேரத்தில்... எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐயோ, சந்தோஷமாகத்தான் இருந்தது! எதிரில் அவன் தலைகுனிந்து நிற்கிறான், அவன் முன்கையில் பால்பல் பதிந்து சிவந்திருக்கிறது, அதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் நான் சந்தோஷப்பட்டேன்.

போலீஸ்காரப் பெண் அவனிடம் வருத்தம் தெரிவித்தார். நீங்கள் செய்தது சரிதான், இப்படித்தான் விசாரிக்கவேண்டும் என்று அவரிடம் மரியாதையாகச் சொன்னான். மாடிக்கு வந்து எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டான். என் வீட்டுக்காரர், பட்டாளத்தானை ஒரு பால்குடி மறக்காத பிள்ளை பிடித்துக் கொடுத்துவிட்டது என்று கேலி செய்தார். அதற்கும் சிரித்தான்.

சாயங்காலம் நான் துணி பிழிந்துகொண்டிருந்த இடத்துக்குத் தனியாக வந்தான்.

"மதினி, நான் என்ன செஞ்சேன்? நேத்து நெஞ்சுல கெடந்த பிள்ள, இன்னைக்கு என்னயப் பாத்து நடுங்குதே."

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவன் என்னைத் திட்டியிருப்பான், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பான், பிறகு மன்னித்திருப்பான். அவனை எனக்குத் தெரியாதா! ஆனால் நான், பிள்ளைதானே, பழகினால் சரியாகிவிடும் என்றேன்.

சரியாகவில்லை. லீவு முடியும்வரை அவன் அறைக்குள் வந்தால் அவள் என் முந்தானைக்குள் ஒளிந்தாள். அவனும் கிட்டே போவதை நிறுத்திக்கொண்டான். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்தினம் குவார்ட்டர்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "எம்பிள்ள மதினிட்டதான் நிம்மதியா இருக்கு. அங்கன கொண்டுபோயி அவள நான் ஏன் அழவைக்கணும்?" என்றான். மல்லிகா கட்டிவைத்திருந்த பெட்டியை மறுபடி அவிழ்க்கத் தொடங்கினாள். என் கையைப் பிடித்து, நீங்கள் எங்களுக்குச் செய்வதற்கு ஏழு ஜென்மம் கடன்பட்டிருக்கிறேன் மதினி என்று அவன் கண்கலங்கினான். நான் அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டேன்.

ஏழு வருடம் புருஷன் வடக்கே, பெண்டாட்டி தெற்கே.

அந்த ஏழு வருடமும் எனக்குக் கிடைத்தன. அவள் முதல் பல் விழுந்ததை நான் பார்த்தேன். சைக்கிள் பழகும்போது பின்னால் ஓடியது நான். ரெட்டைச் சடை, கணக்கில் முட்டை மார்க், ஆண்டுவிழாவில் மயில் வேஷம்... எல்லாம் எனக்கே! அவன் ஒவ்வொரு தீபாவளிக்கும் கவுன் வாங்கி அனுப்புவான். ஒவ்வொன்றும் ஒரு சுற்று சின்னதாக இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை லீவில் வந்து எட்டிப் பார்க்கிறவனுக்குப் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று தெரியாது. அளவு சரியாக இருக்கிறது என்று போனில் சொல்லிவிட்டுப் பக்கத்துவீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிடுவேன். பாருங்கள், அதிலும் பொய்.

இந்த வருடம் அவன் பட்டாளத்திலிருந்து ஒரேயடியாக வந்துவிட்டான். மகளோடு நன்றாகத்தான் பேசுகிறான், ஆனால் விருந்தாளிப் பிள்ளையிடம் பேசுவதுபோல யோசித்து யோசித்துப் பேசுகிறான். அவள் தலையைத் தொடுவதற்குக்கூட ஒரு நிமிடம் தயங்குகிறான். போன வாரம் எல்லோரும் மறுபடி ஐந்தருவிக்குப் போனோம். பாதை பிரிகிற இடத்தில் பதினொரு வயது யாழினி என்னோடும் மல்லிகாவோடும் பெண்கள் பக்கம் நடந்தாள். ஆண்கள் பக்கம் ஓர் இளம் தகப்பன் தோளில் குழந்தையோடு போய்க்கொண்டிருந்தான். சுடலை நின்று, அவர்கள் தண்ணீருக்குள் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது இனிமேல் கிடையாது. நான் எடுத்துவிட்டேன்.

குளித்து வெளியே வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தபோது யாழினி கேட்டாள்.

"பெரியம்மா, சின்னப் பிள்ளையில நான் அப்பாவப் போலீஸ்ல பிடிச்சுக் குடுத்தேன்னு எல்லாரும் சொல்லுதாங்கள்லா... நான் ஏன் அப்படி அழுதேன்?"

அவளுக்கு ஞாபகம் இல்லை! நான் காதில் சொன்னதில் ஒரு சொல்கூட அவளிடம் மிச்சமில்லை. அந்தப் பொய் இப்போது என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது.

மல்லிகா அந்தப் பக்கம் சேலை மாற்றிக்கொண்டிருந்தாள். சொல்வதற்கு இரண்டு நிமிடம் போதும்.

தண்ணீரைக் கண்டு பயந்திருப்பாய், சின்னப் பிள்ளைதானே என்று சொன்னேன்.

"பாவம்லா அப்பா" என்றாள். நான் என்னவென்று கேட்பதற்குள் ஈரத்தலையோடு ஓடினாள். கடைகளுக்கு முன்னால் எங்களுக்காகக் காத்திருந்தவனிடம் போய் நின்றாள். அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

"அப்பா, அன்னைக்கு நான் அழுதேன்லா... சாரிப்பா."

அவன் முகம் கோணியது. அவள் தலையில் கையை வைத்தான், இந்தமுறை தயங்கவில்லை. "நீ என்னட்டி செஞ்ச? அப்பாதான் ஒனக்குப் பழக்கமில்லாம இருந்துட்டேன்" என்றான்.

செய்யாத குற்றத்துக்கு அந்த இருவரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். நான் பத்தடி தள்ளி, பிழிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.