தறிக்குழிக்குள் ஒரு கால்

எங்கள் ஊரில் கால் வீங்கினால் அதற்கு ஒரே பெயர்தான்: யானைக்கால். அந்தக் காலோடு ஒருவராவது நடமாடாத தெரு அப்போது காஞ்சிபுரத்தில் கிடையாது. அதனால் ஒரு விடியற்காலையில் என் வலது கால் கட்டைவிரல் முட்டு சிவந்து உப்பி, போர்வை நுனி பட்டாலே உயிர் போனபோது, வலியைவிட அந்தப் பெயருக்குத்தான் நடுங்கினேன். மகளைத் தென்னேரியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுப்பதாக நிச்சயம் செய்திருந்தோம். அப்பனுக்கு இருந்தால் பெண்ணுக்கும் வரும் என்று பேச ஊரில் ஆளா இல்லை?

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறியில் உட்கார்ந்தவன் நான். பயப்படுவதில் மட்டும் குறை வைத்ததில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் கல்யாணம் நின்று, மகள் மூலையில் உட்கார்ந்திருப்பது வரை மனசுக்குள் பார்த்துவிட்டேன்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "யானைக்கால் இல்லய்யா. சிறுநீர்ல போகவேண்டிய யூரிக் ஆசிட் ரத்தத்துல தங்கி, மூட்டுல உப்பு மாதிரி படிஞ்சு குத்துது. சாராயம் உண்டா?" என்றார்.

"இல்லீங்க."

"பச்சைத் தண்ணியாவது குடிப்பியா?"

"அதுவும் கம்மிதாங்க. குழியிலேர்ந்து அடிக்கடி எழுந்தா தறி ஓடாது."

ஈரல், எலும்புச் சாறு, கருவாடு கூடாது, தண்ணீர் நிறைய வேண்டும் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்.

என் மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை. "இதெல்லாம் ஊருக்குப் புரியாது. வத்துற வரைக்கும் குழியை விட்டு எழுந்துக்காதீங்க" என்றாள். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டால் யார் கண்ணிலும் படாது. இடது காலால் மட்டும் மிதித்து, மகளின் கூரைப்புடவையை நெய்துகொண்டிருந்தேன்.

அந்தப் புடவையைப் பார்க்கத்தான் சம்பந்தியம்மா சொல்லாமல் வந்து நின்றார்.

"இன்னா சம்பந்தி, நான் வந்து நிக்கறேன், நீங்க குந்திக்கினே இருக்கீங்க? கால்ல ஏதோன்னு தெருமுனையில பேசிக்கினாங்க."

"அவசர வேலைம்மா" என்று என் மனைவி குறுக்கே வந்தாள்.

எனக்குள் ஏதோ அறுந்தது. கால் என்னுடையது, நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. கைகளை ஊன்றி எழும்பி, வீங்கின காலை அவர் முன்னால் தரையில் நீட்டினேன்.

"நல்லா பாருங்க. யானைக்கால் இல்ல. யூரிக் ஆசிட். அமாவாசைக்கு வாங்க, வத்தியிருக்கும். வத்தலேன்னா இந்தப் புடவையை எடுத்துக்கினு போய் வேற பொண்ணுக்குக் கட்டுங்க."

அவர் குனிந்தார். நான் தடுப்பதற்குள் கட்டைவிரல் முட்டில் ஒரு அழுத்து அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுத் தறி நின்றது.

"ஆமாம்பா, இது வேற" என்றார் நிதானமாக. "எங்க மாமியாருக்கு யானைக்கால். நான்தான் அழுத்தி வுடுவேன். சுகமா இருக்குதும்பாங்க."

"உங்க வீட்டுலயே இருக்குதா? எங்ககிட்ட சொல்லலியே" என்றேன்.

"நீங்க கேட்டீங்களா?"

"கேக்கல. இனியும் கேக்க மாட்டேன். கொசு கடிச்சு வர்றதுக்கு உங்க வீடென்ன, எங்க வீடென்ன? பொண்ணு குடுக்கறதா சொன்னேன், குடுப்பேன்."

அவர் தறியிலிருந்த புடவையின் ஜரிகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கரை இன்னும் கொஞ்சம் அகலமா இருந்திருக்கலாம்" என்றார்.

அமாவாசைக்கு முன்பே வீக்கம் வடிந்துவிட்டது. அதன்பிறகு தறிப்பக்கம் எப்போதும் ஒரு பானைத் தண்ணீர் வைத்துக்கொண்டேன். அடிக்கடி எழுந்து போவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் சிரித்துக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணம் முடிந்து தென்னேரியில் கறி விருந்து. ஈரல் கரண்டி என் இலைக்கு வந்தபோது கையை விரித்து மறைத்தேன். பக்கத்து இலைக்காரர், "சம்பந்தி வீட்டுச் சோத்துக்கு இலையை மறைக்கறியே, இன்னா மரியாதைபா இது?" என்று முறைத்தார்.

கையை எடுக்கவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த சம்பந்தியம்மா கரண்டியை அவர் இலைக்குத் திருப்பினார்.

"அவருக்கு யூரிக் ஆசிட். உனக்கு அதெல்லாம் தெரியாது, நீ துன்னு."