இரண்டு சர்க்காரும் ஓர் இடது கையும்

கல் உடைக்கும் தொழிலில் சுத்தியல் வலது கையில் இருக்கும். அடி இடது கையில் விழும். உளியைப் பிடிப்பது இடது கைதானே? உளியின் தலை தவறினால் சுத்தியல் வேறெங்கே போகும்? குவாரியில் கிடந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் இடது கையைத் திருப்பிப் பாருங்கள், அதிலேயே எழுதியிருக்கும்.

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவன் இல்லை. ஆனால் எந்தச் சர்க்கார் எந்த விரலுக்கு என்ன செய்யும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே ஒரு பாறையில் முப்பது வருஷம் வேலை; அதில் பாதிக்கு மேல் மேஸ்திரி வேலை. பாறையின் குறுக்கே எல்லைக் கல். இந்தப் பக்கம் மதராஸ், அந்தப் பக்கம் மைசூர். என் இரண்டு விரல்களுக்காக நான் ஆரம்பித்த சட்டப் படிப்பு எனக்கு உதவவில்லை. முனியப்பனின் கைக்குத்தான் உதவியது. வேட்டு வெடித்து அவன் இழந்தது வேலை செய்கிற கையா, சும்மா ஒத்தாசைக்கு இருக்கிற கையா என்பதுதான் வழக்கு. அவன் குடும்பம் பிழைப்பதும் பிழைக்காததும் அந்தப் பதிலில் இருந்தது. முதலில் இருந்தே சொல்கிறேன்.

என் இரண்டு விரல்

அது மகாராஜா காலம். எல்லைக் கல்லைத் தாண்டினால் வேறு ராஜ்யம், வேறு சட்டம். எனக்கு அடிபட்டு இடது கையில் இரண்டு விரல் போனது அந்தப் பக்கம். ஆஜர் போடுகிற மஸ்டர் புத்தகத்தில் என் பெயர் இருந்தது இந்தப் பக்கம். சேலத்து ஆபீசில் போய் நஷ்ட ஈடு கேட்டேன். பாறை மைசூருடையது, அங்கே போ என்றார்கள். பெங்களூருக்குப் போனேன். நீ மதராஸ் ஆள், அங்கே போ என்றார்கள்.

எங்கள் குவாரிக் கணக்குப்பிள்ளை இரண்டு ஆபீசுக்கும் கடிதம் போட்டிருந்தார். சேலத்துக்கு, 'விபத்து நடந்தது மைசூர் எல்லையில்' என்று. பெங்களூருக்கு, 'ஆள் மதராஸ் மஸ்டரைச் சேர்ந்தவன்' என்று. இரண்டிலும் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அன்றிலிருந்து அவர் வீட்டில் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்தது கிடையாது.

கையில் கட்டோடு நாலாவது தடவை பெங்களூர் போய் நின்றேன். அங்கே இருந்த குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். கன்னடக்காரர், ஆனால் எனக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னார்: "வெரல்தானே போச்சு, காலு ரெண்டும் நல்லா இருக்குதே. ஓசூருக்கே நடந்து போப்பா."

பட்டியலில் இடது கை

சுதந்திரம் வந்து, மகாராஜாவின் ராஜ்யமும் சேர்ந்த பிறகு, இரண்டு பக்கத்துக்கும் ஒரே சட்டம் என்றார்கள். சட்டம் ஒன்றானது உண்மை. ஆபீஸ்கள் ஒன்றாகவில்லை.

பெங்களூர் மில் ஒன்றின் தொழிற்சங்கத்து ஆள் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூரில் மாமியார் வீட்டுக்கு வருவார். அவரைக் காபிக் கடையில் பிடித்து உட்கார வைத்து, நஷ்ட ஈட்டுச் சட்டப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னேன். பின்னால் ஒரு பட்டியல் இருந்தது. கண்ணுக்கு இவ்வளவு, கட்டை விரலுக்கு இவ்வளவு என்று கசாப்புக் கடை மாதிரி பிரித்துப் போட்டிருந்தார்கள். வலது கை போனால் முழு நஷ்டத்தில் ஒரு பங்கு. இடது கை போனால் அதைவிடக் குறைவு. தப்பாக வாசிக்கிறார் என்று மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். அதேதான் வந்தது. எங்கள் குவாரியில் வலது கையில் அடிபட்டவன் எவன்?

ஒருவன் இருந்தான். முனியப்பன். பீச்சாங்கைக்காரன். அவனுக்குச் சுத்தியல் இடது கையில், உளி வலது கையில். பாறையில் குழி போட ஜம்பர் கம்பி பிடிக்கிறவர்கள் அவனோடு ஜோடி சேர மாட்டார்கள், அடி எந்தப் பக்கம் இருந்து வரும் என்று தெரியாது என்பார்கள். மத்தியானக் களி சாப்பிடும்போது நான் பட்டியலைச் சொன்னதும் எல்லோரும் அவனைப் பிடித்துக்கொண்டார்கள்: "உனுக்கென்னடா, அடிபட்டா ஒசந்த கையில படும்!" முனியப்பன் களி உருண்டையைக் கீழே வைக்காமலே சொன்னான்: "சட்டம் எழுதுன ஐயா உளி புடிச்சிருக்க மாட்டாருண்ணா. எந்தக் கையில சோறு துன்றோம்னு மட்டும் பாத்து எழுதிட்டாரு."

ஏழாம் நாள்

அடிபட்டு ஏழு நாளைக்குள் ஆள் வேலைக்கு வந்துவிட்டால் நஷ்ட ஈடு கிடையாது. அப்போது சட்டம் அப்படி. இதை எல்லையின் இரண்டு பக்கத்திலும் முதலில் மனப்பாடம் செய்தவர்கள் முதலாளிகள். எங்கள் கணக்குப்பிள்ளைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆறாம் நாள் அடிபட்டவன் வீட்டுக்கு ஆள் அனுப்புவார். "சும்மா வந்து நிழல்ல உக்காரு, உளிக்குக் காவல் இரு, போதும்" என்பார். வந்து உட்கார்ந்தால் மஸ்டரில் 'ஆஜர்' விழும். அதோடு தீர்ந்தது.

காலில் கல் விழுந்த மாரப்பன் என்ற கிழவரை ஏழாம் நாள் காலையில் மாட்டு வண்டியில் ஏற்றி வரச் செய்தார். நான் முன்தினமே மாரப்பன் வீட்டுக்குப் போய்ச் சட்டத்தைச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். வண்டி வந்து நின்றது. கணக்குப்பிள்ளை புத்தகத்தைத் திறந்தார். மாரப்பன் வைக்கோல் மேல் மல்லாந்து படுத்தபடியே, இறங்காமல், குரல் கொடுத்தார்: "நான் வர்லீங்க. மாடுதான் வந்துது. மாட்டுப் பேரை எழுதிக்குங்க."

மாப்பிள்ளைக்குக் கார்டு

பிறகு பெங்களூர் மில்களில் இன்சூரன்ஸ் கார்டு வந்தது. சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். அடிபட்டால் டாக்டர் உண்டு, மருந்து உண்டு. விரல் போனால் உயிரோடு இருக்கிறவரை மாசாமாசம் வரும். முதலாளியிடம் போய் நிற்க வேண்டாம். இந்தப் பக்கம் நம் குவாரியில் பிடித்தம் இல்லை, கார்டும் இல்லை. முதலாளி ஒரே தடவையில் கட்ட வேண்டும். அதாவது, கட்ட வைக்க வேண்டும். எது மேல் என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன்: கார்டுதான் மேல். மொத்தமாக வருவது ஒரு கல்யாணத்தோடு போய்விடும். போன விரல் மட்டும் போனதாகவே இருக்கும். முனியப்பன்கூட அந்த மில்லில் ஆள் எடுக்கும்போது போய் நின்றான். மிஷின்கள் எல்லாம் வலது கைக்காரனுக்குச் செய்தவை. ஒரு மணி நேரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுத்தியலைத் தவிர அவன் பிடித்த எதுவும் அவன் கைக்குச் சரிப்படவில்லை.

அந்த வருஷம் உத்தனப்பள்ளியில் இருந்து ஒருவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க என்னிடம் வந்தார். என் மச்சினன் மகன் மில்லில். குவாரியில் இன்னொரு பையன், தங்கமானவன், குடிக்க மாட்டான். இருவரைப் பற்றியும் சொன்னேன். குவாரிப் பையனின் குணத்தை நான் விவரிக்க ஆரம்பித்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்: "கொணம் கெடக்கட்டும் மேஸ்திரி. கை போனா மாசாமாசம் வர்ற பக்கமா, ஒரே வாட்டியா வர்ற பக்கமா, அதைச் சொல்லுங்க."

எல்லைச் சண்டை

முனியப்பனின் கை போனது ஒரு திங்கட்கிழமை காலை. சனிக்கிழமை வைத்த வேட்டுகளில் ஒன்று வெடிக்காமல் குழிக்குள் இருந்திருக்கிறது. அது தெரியாமல் அவன் மண்ணைத் தள்ளினான், வெடித்தது. இடது கை மணிக்கட்டோடு போயிற்று. லாரியில் போட்டு ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு நான் பாறைக்குத் திரும்பினேன்.

அதற்குள் குவாரியை எடுத்து நடத்துகிற காண்ட்ராக்டர் வந்து, நடந்தது மைசூர் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு என் விரல்கள் இருந்த இடத்தில் வலித்தது. அந்த இடத்தில் இருந்து ஒரு கல்லையும் லாரியில் ஏற்றக் கூடாது என்று ஆட்களிடம் சொன்னேன். முனியப்பனின் பெண்டாட்டி திம்மக்கா ஜல்லி உடைக்கிறவள். அவள் ரத்தம் பட்ட கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நிலக் கணக்குப் பார்க்கிற கிராமக் கர்ணத்தை நான் கூட்டிவந்தேன். எல்லைக் கல்லில் இருந்து சங்கிலி போட்டு அளந்தார். திம்மக்கா உட்கார்ந்திருந்த இடம் நன்றாக நம் பக்கம் இருந்தது. காண்ட்ராக்டர் விடவில்லை. கல்லே தப்பான இடத்தில் நட்டிருக்கிறது, இந்த நிலம் எங்களுடையதே இல்லை என்று கத்தினார். கர்ணம் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "நானும் எத்தனையோ எல்லைச் சண்டை பாத்தாச்சு. எல்லாரும் நெலம் எனுது எனுதுன்னுதான் அடிச்சுக்குவாங்க. எனுது இல்லவே இல்லைன்னு சண்டை போடறவரை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

பெருவிரல் ரேகை

விசாரணை சேலத்தில். நஷ்ட ஈட்டு மனுவைக் கொடுக்க நானும் முனியப்பனும் திம்மக்காவும் பஸ் ஏறிப் போனோம். ஆபீஸ் குமாஸ்தா மனுவைப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். மைப் பெட்டியை நகர்த்தி வைத்தார். ஆண்கள் என்றால் இடது கைப் பெருவிரல் ரேகைதான் வைக்க வேண்டும், அதுதான் ரூல் என்றார். முனியப்பன் வலது கையை நீட்டினான். குமாஸ்தா தலை நிமிராமல், "இடது, இடது" என்று மேஜையைத் தட்டினார்.

முனியப்பன் துண்டை விலக்கி, கட்டுப்போட்ட மணிக்கட்டை மைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். குரலை உயர்த்தவே இல்லை: "அதைக் கேட்டுத்தாங்க சாமி நானே வந்திருக்கறேன்."

வலது கைத் தழும்பு

விசாரணை அன்று காண்ட்ராக்டரின் வக்கீல், விசாரிக்கிற ஆபீசர் முன்னால் பட்டியலை விரித்தார். போனது இடது கை. கல் வேலையில் இடது கை உளி பிடிக்க மட்டுமே. வேலை செய்கிற வலது கை பத்திரமாக இருக்கிறது. ஆகவே பட்டியலில் உள்ள குறைந்த பங்கு போதும் என்றார். அவன் பீச்சாங்கைக்காரன் என்று நான் எழுந்து சொன்னேன். வக்கீல் சிரித்தார். கை போன பிறகு எவனும் அப்படிச் சொல்லலாம், சாட்சி எங்கே என்றார்.

சாட்சியை நான் பஸ்ஸிலேயே கூட்டிவந்திருந்தேன். கல்லுடைக்கிறவர்கள் நாலு பேர். இடது கையை நீட்டச் சொன்னேன். கோணல் விரல், கறுத்த நகம், தழும்பு மேல் தழும்பு. வலது கையை நீட்டச் சொன்னேன். காய்ப்பைத் தவிர ஒன்றும் இல்லை. என் கையையும் நீட்டினேன். அதில் இரண்டு விரல் இல்லாததையும் ஆபீசர் பார்த்தார். பிறகு முனியப்பனிடம் மிச்சம் இருந்த வலது கையை மேஜை மேல் வைக்கச் சொன்னேன். கட்டை விரல் நகம் கறுத்திருந்தது, ஆள்காட்டி விரல் கோணியிருந்தது, புறங்கை முழுக்கத் தழும்பு. "இதை அடிச்ச கை எதுங்க?" என்று கேட்டேன். ஆபீசர் எழுந்துவந்து அந்தத் தழும்புகளைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தார்.

அவர் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். கணக்குப்பிள்ளை காண்ட்ராக்டர் பக்கம் திரும்பாமல், "பீச்சாங்கைதாங்க, வந்த நாள்லேர்ந்து" என்றார். அந்த மனிதர் பொய் சொல்லிப் பழகியவர் இல்லை; எனக்குச் செய்த கெடுதலைக்கூட அவர் பொய் சொல்லிச் செய்யவில்லை. சுத்தியல் பிடிக்கிற கை போனபிறகு இவனால் முன்பு செய்த எந்த வேலையும் செய்ய முடியாது, முழு நஷ்டமாகவே கணக்கு என்று ஆபீசர் உத்தரவு சொன்னார். திம்மக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்: "அப்போ பீச்சாங்கைன்னு சர்க்காரே ஒத்துக்கிச்சா? கண்ணாலத்தப்போ இவுரு வூட்டுல எங்கப்பன்கிட்ட மறைச்சுட்டாங்கண்ணா. இந்தக் காயிதத்தைக் கொஞ்சம் அவுருக்குக் காட்டணும்."

திரும்பும் பஸ்

கிருஷ்ணகிரியில் பஸ் நின்றபோது, அதே பஸ்ஸில் வந்த கணக்குப்பிள்ளை இறங்கி, இரண்டு டம்ளர் காபியோடு வந்தார். ஒன்றை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. பக்கத்தில் இருந்த முனியப்பன் தன் தழும்புக் கையை நீட்டி வாங்கிக் குடித்தான். கணக்குப்பிள்ளை தன் டம்ளரை ஊதிக்கொண்டே, ரொம்ப சாதாரணமாக, என்னைப் பார்த்துச் சொன்னார்: "உன் வெரலுக்கும் அப்பவே என்னைச் சாட்சி கூப்பிட்டிருந்தா உள்ளதைச் சொல்லியிருப்பேன் மேஸ்திரி. நீதான் கூப்பிடலை."

இரண்டு சர்க்காரும் ஒரே சட்டத்துக்கு வந்துவிட்டன, முனியப்பனின் இடது கையும் வேலை செய்த கைதான் என்று காகிதத்தில் ஏறிவிட்டது. எல்லைக் கல்லுக்கு ஆளுக்கொரு பக்கமாக இன்னும் நிற்பது நானும் அந்தக் கணக்குப்பிள்ளையும்தான்.