செசிலியைப் பற்றிக் கேட்க வந்த ஜீப்

பெற்ற பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டே சாகக் கொடுத்தவள் நான். ஆண்டவருக்கு நான் சொல்ல வந்த நன்றியை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. பொறுமையோடு கேளுங்கள்.

ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. நானும் என் கணவர் சவரிமுத்துவும் கூலி வேலை செய்து பிழைத்தோம். எண்பதுகளின் தொடக்கம். ஒரு மார்கழியில் எங்கள் மூத்த மகள் செசிலிக்குச் சளி பிடித்தது. மாந்தம் என்றார்கள், கைமருந்து கொடுத்தோம். பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. அரியலூர் பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றுகொண்டிருந்தபோதே அவள் உடம்பு என் கையில் கனத்துப் போனது. பஸ் வந்தது. நாங்கள் ஏறவில்லை.

அதற்குப் பிறகு எனக்குச் செபம் வரவில்லை. பூசைக்குப் போவேன், வாய் திறக்காது. வீட்டில் யாரும் செசிலியின் பெயரைச் சொல்ல நான் விடவில்லை.

அந்தோணி பிறந்தான். அவன் தவழத் தொடங்கியபோது மறுபடியும் பனிக்காலம். இருமல் வந்தது, காய்ச்சல் வந்தது. கடையில் வாங்கிய மருந்தைக் கொடுத்தோம். ஒருநாள் காலை, மார்பில் வாய் வைத்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூக்கு விடைத்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. அந்தக் குழியை நான் முன்பே பார்த்தவள்.

காலை பஸ் போய்விட்டிருந்தது. "வண்டி கேட்டுப் பாத்துட்டு வரேன், நீ புள்ளய வச்சிரு" என்று என் கணவர் ஓடினார். நான் பிள்ளையோடு மாதா படத்துக்கு முன்னால் நின்றேன். மனப்பாடமாகச் சொல்லும் செபம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "தாயே, யாரையாச்சும் அனுப்பு. யாரா இருந்தாலும் சரி." அவ்வளவுதான் கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் ஜீப் சத்தம். எங்கள் வாசலிலேயே வந்து நின்றது. இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஒருவர் டாக்டர், மற்றவர் நர்ஸ். பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். நான் பேசுவதற்குள் டாக்டர் தயக்கத்தோடு ஆரம்பித்தார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. இந்த வீட்ல போன பனிக்கு முந்துன பனியில ஒரு கொழந்த தவறிடுச்சுன்னு சொன்னாங்க. சளிக் காய்ச்சல்ல வர்ற புள்ளைங்க ஆஸ்பத்திரிக்குக் கடைசி நேரத்துலதான் வருது. ஏன் அப்படி ஆவுது, வந்ததும் மொதல்ல என்ன செஞ்சா பொழைக்கும்னு ஆராய்ச்சி பண்றோம். அந்தக் கொழந்தைக்கு என்னாச்சுன்னு சொல்ல முடியுமா?"

உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஆள் கேட்டேன். செத்த பிள்ளைக்கு ஆள் வந்திருக்கிறது.

"செத்தவளக் கேட்டு எழுதிக்கிட்டுப் போவவா வந்தீங்க? போங்க!" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவர்கள் திரும்பி நடந்தார்கள். ஜீப்பின் கதவு மூடும் சத்தம் கேட்டது.

அந்த நேரத்தில்தான் நான் கேட்டது எனக்கே உறைத்தது. யாராக இருந்தாலும் சரி என்று சொன்னது நான்தானே?

கதவைத் திறந்து ஓடினேன். உதவி கேட்கும் வார்த்தை வரவில்லை. அத்தனை நாள் பூட்டி வைத்திருந்தது தானாகக் கொட்டியது. "அவ பேரு செசிலிங்க. பால் குடிக்கல. மூக்கு விடைச்சுது. வெலாவுக்குக் கீழ உள்ள உள்ள இழுத்துச்சு. ஒதடு நீலமாப் போச்சு." நர்ஸ் எழுதத் தொடங்கினார். "இப்ப இவனுக்கும் அப்படித்தாங்க இருக்கு."

"யாருக்கு?" என்று கேட்டுக்கொண்டே டாக்டர் என்னைத் தாண்டி வீட்டுக்குள் போய்விட்டார். தூளியை விலக்கி அந்தோணியின் நெஞ்சைப் பார்த்தார். "நிமோனியா. பையை வண்டியில வைங்க சிஸ்டர். ஏறுங்கம்மா."

வழியில் என் கணவர் இரவல் மாட்டுவண்டியோடு எதிரே வந்தார். வண்டியை அங்கே தெரிந்த ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். நான் வாய்விட்டுச் செபித்தேன். வெகுநாளைக்குப் பிறகு எனக்குச் செபம் வந்தது. பக்கத்தில் இருந்த டாக்டர் நம் மதத்தவர் அல்ல. "செபம் பண்ணுங்கம்மா. ஆனா புள்ள தலையத் தொங்க விடாதீங்க, நிமித்திப் பிடிங்க" என்று என் கையைத் திருத்தினார். இரண்டையும் சேர்த்தே செய்தேன்.

அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போனவுடனேயே மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். தொடையில் ஊசி போட்டார்கள். "பொழைச்சிருவானா டாக்டரம்மா?" என்று என் கணவர் கேட்டார். "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. நேரத்தோட கொண்டாந்துட்டோம், அத மட்டும் சொல்றேன்" என்றார். சில நாள்கள் அந்தக் கட்டிலை விட்டு நான் நகரவில்லை. பிறகு ஒரு மத்தியான வேளையில் அந்தோணி வீறிட்டு அழுதான். பயந்துபோய்த் தூக்கினேன். அவன் என் சேலையை இழுத்தான். பசி! பிள்ளைக்குப் பசித்துவிட்டது! வார்டு முழுக்கக் கேட்கும்படி ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். யாரும் என்னை அதட்டவில்லை.

என் மனதில் ஒரு கேள்வி மட்டும் நின்றது. எங்கள் பங்குச் சாமியாரிடமே கேட்டேன். "சாமி, செசிலிக்கு மட்டும் ஏன் அந்த ஜீப் வரல?" "எனக்குத் தெரியாதும்மா" என்றார். எனக்கும் இன்றுவரை தெரியாது. தெரியாமலே ஆண்டவரை நம்புகிறேன்.

டாக்டரம்மா மறுபடி வந்தபோது செசிலியைப் பற்றி முழுவதும் சொன்னேன். பிள்ளையைப் பறிகொடுத்த வேறு வீடுகளில் கதவைத் திறக்க மறுக்கிறார்கள் என்றார் அவர். நானும் கூடப் போனேன். "நானும் புள்ளயக் குடுத்தவதான்கா" என்று சொன்னால் திறந்தார்கள். சொன்னார்கள், அழுதார்கள். அவர்களோடு நானும் அழுதேன். இப்படிச் சேர்ந்த விவரங்களைக் கொண்டு, மூச்சுத் திணறும் பிள்ளைக்கு முதல் ஊசியைப் பக்கத்துச் சுகாதார நிலையத்திலேயே போட்டு அனுப்ப ஏற்பாடு செய்யப் பாடுபட்டார் டாக்டரம்மா. எங்கள் பக்கத்தில் அது நடந்தது.

இன்று அந்தோணிக்குத் திருமணமாகிவிட்டது. அவன் குழந்தைக்கு இருமல் வந்தால் முதலில் சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்க்கிறான்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை மூச்சுக்குத் தவித்தால் மாதாவைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு நடங்கள். ஆண்டவர் யார் முகத்தோடு வருவார் என்று நமக்குத் தெரியாது. நமக்குப் பிடிக்காத கேள்வியோடு கூட அவர் வரலாம். என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிட மாட்டார். ஆமென்.