பாதித் தாடை

இடது பக்கம் முழுவதும் மழித்து முடித்து, ரேசரைக் குவளைத் தண்ணீரில் அலசும்போதுதான் ஷீலாவுக்கு டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. கை நின்றது. தண்ணீரில் முடி மிதந்தது. இருபத்தெட்டு நாள் முடி.

கண்ணாடியில் பார்த்தாள். ஒரு பக்கம் வழவழவென்று இருந்தது. மறுபக்கம் மோவாயிலிருந்து கழுத்துவரை கறுத்துச் சுருண்டு இறங்கியிருந்தது.

ஹார்மோன் டாக்டர் மெயின்லேண்டிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் போர்ட் பிளேருக்கு வருவார். போன தடவை அவள் முகத்தை மழித்துக்கொண்டு போயிருந்தாள். எங்கே எவ்வளவு வளர்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் மருந்து தொடங்க முடியும், அடுத்த முறை வருவதற்கு முன் நாலு வாரம் பிளேடு, நூல், மெழுகு எதுவும் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாலாவது வாரம் இன்றோடு முடிகிறது. இன்று விட்டால் இன்னும் மூன்று மாதம்.

ஷீலா பிறந்தது நிக்கோபாரில், கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில். சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் தலைக்குக் குளித்து, வெளுத்த துணி உடுத்திப் போக வேண்டும். அழுக்காகப் போனால் கம்பவுண்டர் தொட்டுப் பார்க்கமாட்டான். அம்மா கருப்பாயி சிறு வயதில் சிலோனில் கற்று வந்த பாடம் அது. அதன்படிதான் ஷீலா விடியுமுன் எழுந்து குளித்தாள். தீபாவளிச் சேலையை எடுத்து வைத்தாள். அலமாரிக்கு மேல் துணியில் சுற்றிப் போட்டிருந்த ரேசரையும் எடுத்தாள். சுத்தமாகப் போக வேண்டும் என்பதைத் தவிர அப்போது மனதில் வேறொன்றும் இல்லை.

மீதியையும் மழித்துவிடலாம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஆகிவிடும். மாஸ்க் இல்லாமல் டூட்டிக்குப் போகலாம். மதியம் ஆபீஸில் ஜெயலட்சுமி அக்காவோடு உட்கார்ந்து சாப்பிடலாம். ரேசரைத் திரும்பவும் எடுத்தாள். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வைத்தாள்.

முதல்முறை மழித்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அப்பாவின் ரேசர். கருப்பாயி பார்த்துவிட்டாள்.

"கத்தி பட்டா முடி கேட்டுக்கிட்டு வளரும்டி. நீயே வெத போட்டுக்கிட்ட."

அதற்குப் பிறகு பதினைந்து வருடம். ஒவ்வொரு காலையும் மழிக்கும்போது நாளைக்கான விதையைத் தானே போடுவதாகத்தான் அவள் நினைத்தாள். மழிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

காரணம் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. பிராய்லர் கோழிதான் என்றாள், பம்பூஃப்ளாட்டில் அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் வீட்டுக்காரம்மா. ஷீலா இரண்டு வருடம் கோழி தொடவில்லை. தேங்காய் என்றார்கள். தேங்காயை விட்டாள். மீன் சூடு என்றார்கள். மீனையும் விட்டாள். கடைசியில் சோறும் ஊறுகாயும் சர்க்கரை தூக்கலான டீயும்தான் மிஞ்சின. உடம்பு போட்டது. வகிடு அகன்று உச்சி தெரியத் தொடங்கியது. மாதவிலக்கு மூன்று மாதம், நான்கு மாதம் என்று தள்ளிப்போனது. தாடையில் மட்டும் எதுவும் குறையவில்லை.

அக்கரையில் சாத்தம் துறையில், மெயின்லேண்டுக்குப் போகும் பார்சல்களுக்குச் சீட்டு எழுதும் ஆபீஸில் அவளுக்கு வேலை. தூசி அலர்ஜி என்று சொல்லி இந்த நாலு வாரமும் மாஸ்க் போட்டிருந்தாள். மாஸ்க்கோடு சாப்பிட முடியாது. மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் மரப்பெட்டிகளுக்கு நடுவே போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். அதுவரை ஆறு வருடமாக ஜெயலட்சுமியின் டப்பாவும் அவள் டப்பாவும் ஒரே மேசையில்தான் திறந்தன. இரண்டாவது வாரம் ஜெயலட்சுமி கேட்டாள்.

"ஏண்டி, நான் என்ன ஜஹரா கலந்து கொண்டாந்திருக்கேன்?"

விஷத்துக்கு அவள் வாயில் இந்திதான் வரும். அலர்ஜி என்று மட்டும் ஷீலா பதில் சொன்னாள். அதற்கப்புறம் ஜெயலட்சுமி கூப்பிடவில்லை.

ஃபெர்ரியில் சன்னலோரம் உட்கார்ந்தாள். மாஸ்க்குக்குள் ஒரு பக்கம் வேர்த்தது, மறுபக்கம் அரித்தது. ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் பதினொன்று. டாக்டர் சிவபிரகாஷ் சென்னைக்காரர். தமிழ் தெரியாதவராக இருந்தால் தேவலை என்று போன தடவையே அவளுக்குத் தோன்றியது. மாஸ்க்கைக் கழற்றினாள்.

"என்னம்மா, பாதி?"

"ஆஸ்பத்திரிக்கு வாறோமேன்னு சுத்தம் பண்ணினேன் சார். பாதியிலதான் ஞாபகம் வந்திச்சி."

அவர் சிரிக்கவில்லை. விளக்கை இழுத்து வலது தாடையைப் பார்த்தார். பிறகு நர்ஸைத் திரை போடச் சொல்லி வயிறு, முதுகு, கை எல்லாம் பார்த்து, முடி எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் எழுதினார். உச்சியில் முடியை விலக்கிப் பார்த்தார்.

"பாதி போதும். மறுபாதி மட்டும் வேறயாவா வளரப்போகுது?"

ஷீலா மூச்சு விட்டாள். கோழி, தேங்காய், மீன் என்று விட்டதையெல்லாம் சொன்னாள். அவற்றால் தாடி வராது என்றார். ஆண் ஹார்மோன் எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சம் உண்டு, போன தடவை எடுத்த ரத்தத்தில் அவளுக்கு அது கூடுதலாக இருக்கிறது, அதே ஹார்மோன்தான் தாடையில் வளர்க்கிறது, உச்சியில் மெலிய வைக்கிறது என்றார். சோற்றையும் சர்க்கரையையும் குறைத்து, மீன், முட்டை, பயறு சாப்பிட்டு நடந்தால் எடை இறங்கும். மாதவிலக்கு சீராக வாய்ப்பு உண்டு. மாத்திரைக்குப் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். இருக்கிற முடி உதிர்ந்துவிடாது, வளர்வது மெலியலாம்.

எழுந்தவள் திரும்பவும் உட்கார்ந்தாள்.

"கத்தி பட்டதாலதானே சார் இவ்வளவு வந்திச்சி?"

"மழிச்சா முனை மழுங்கும், தொட்டா சொரசொரன்னு இருக்கும். அதனால முடி அதிகமாகாது, தடிக்காது. இது நீங்க செஞ்சது இல்லம்மா. நாளையிலேருந்து மழிச்சுக்கோங்க."

ஆஸ்பத்திரி வாசலில் நின்று கச்சாலுக்கு, அம்மாவுக்குப் போன் போட்டாள். நாலாவது தடவை லைன் கிடைத்தது. டாக்டர் சொன்னதைச் சொன்னாள். கருப்பாயி ஒத்துக்கொள்ளவில்லை.

"அவரு ஆம்பள. தெனம் மழிச்சிக்கிற ஆளு வேற என்னா சொல்லுவாரு?"

லைன் விட்டுப்போனது. ஷீலா மறுபடி போடவில்லை. மூன்றரை ஃபெர்ரியில் வீட்டுக்கு வந்து வலது பக்கத்தையும் மழித்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆறரை ஃபெர்ரி பத்து நிமிடம் தாமதம். மாஸ்க் போடவில்லை. மழையால் பார்சல் குறைவு. மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு முன்பக்க மேசைக்குப் போனாள். ஜெயலட்சுமியும் பில் போடும் சங்கவியும் ஏற்கெனவே டப்பாக்களைத் திறந்திருந்தார்கள். மேசைக்கு இரண்டு நாற்காலிதான்.

"அலர்ஜி போயிடுச்சா?" என்றாள் ஜெயலட்சுமி.

"போயிடுச்சிக்கா."

"நல்லது."

ஷீலா பின்பக்கம் போனாள். அரை டப்பா சோறு, இரண்டு முட்டை, அவித்த பயறு. சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டாள். ஐந்து மணிவரை சீட்டு எழுதினாள். ஐந்தரை ஃபெர்ரியில் இடம் இருந்தது.