வேலியில் செங்காந்தள்

குடவாசலில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா ஒல்லியாக, உயரமாக இருப்பார். விடிந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலியோரம் போய் நிற்பார். அங்கே செங்காந்தள் கொடி ஏறியிருந்தது. தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் வரட்டும் என்று கொல்லையைக் காடாகவே விட்டுவைத்திருந்தார்.

அந்தக் கொடியின் கிழங்கைத் தின்றால் உயிரே போய்விடும். அத்தனை விஷம். என் மகளோ கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயசு. கோடையில் கொடி காய்ந்து மண்ணோடு போனதும் பிழைத்தோம் என்று நினைத்தேன். மழை விழுந்ததும் அதே இடத்தில் முளைவிட்டது.

"அதை எடுத்துடலாமாம்மா? புள்ளைய நெனச்சா பயமா இருக்கு."

"செடி எந்திரிச்சு உங்க வீட்டுக்குள்ள வராது. புள்ளையக் கட்டிப்போடுங்க" என்றார், சிரிக்காமல்.

கட்டித்தான் போட்டேன், ஜன்னல் கம்பியில், பழைய துப்பட்டாவால். கார்த்திகையில் ஒருநாள் முடிச்சு அவிழ்ந்து, ஓடிப்போய் ஒரு பூவைப் பிய்த்துவிட்டாள். நான் அவள் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். அவர் பிய்ந்த காம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "தை பொறந்ததும் வேற வீடு பாத்துக்குங்க" என்றார்.

"சின்னப் புள்ளைய வச்சுகிட்டு நாங்க எங்கம்மா போறது?"

"உங்களுக்கு ஊரு பூரா வீடு இருக்கு. இதுக்கு இந்த வேலிய விட்டா எங்க இருக்கு?"

நாங்கள் காலி செய்த அன்று கொடி மறுபடி காய்ந்திருந்தது. சாமான் வண்டி வேலிப் பக்கம் திரும்பியதும், "அங்க ஏத்தாதீங்க, அடியில கெழங்கு தூங்குது" என்று ஓடி வந்தார். மகள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அவர் முகத்தில் இருந்த பதற்றம் எனக்கு நன்றாகத் தெரிந்த பதற்றம்.